துறைமுகத்தில் கூட்டிய அடுப்பு

வெங்காயம் உரிக்கச் சொன்னால் என் வாயை உரிக்க வருகிறீர்கள். அந்தப் பழைய துறைமுகத்துச் சங்கதியை உங்களிடம் யார் அவிழ்த்துவிட்டது? மருதாயியாகத்தான் இருக்கும். அவள் வாய்க்குத் தாழ்ப்பாள் செய்யும் ஆசாரி இன்னும் பிறக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? டூர் பஸ்ஸில் சமைக்கப் பழக வந்த பிள்ளைகளுக்கு உப்பு புளி அளவு தெரிந்தால் போதாதா?

சரி, கேளுங்கள். ஆனால் கை நிற்கக் கூடாது. கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம், அந்த ஒரு வசதி இந்த வேலையில் உண்டு. அந்த ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஒரு மனுஷனின் பிழைப்பு அதில் மாட்டிக்கொண்டது. பெயர் வேண்டாம்.

மிளகு பறித்துக் காயவைத்து விற்று முடித்ததும் கொல்லிமலையில் எங்கள் பெரக்கரை நாட்டு ஜனங்கள் ஒரு பஸ்ஸைப் பேசிக்கொண்டு கீழே இறங்குவார்கள். கோவில் கோவிலாகப் போய்க் கடைசியில் கடலில் காலை நனைத்துவிட்டுத் திரும்புவது. நாட்டின் பெயரிலேயே கரை இருக்கிறதே தவிர, எங்களில் பாதிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. பஸ்ஸின் பின்பக்கம் அண்டா, அரிசி மூட்டை, பம்ப் ஸ்டவ். அவற்றுக்கு மேல் நான், என் மேல் சாய்ந்துகொண்டு மருதாயி. சமையலில் அவள்தான் எனக்குக் கூட்டாளி. என்னைவிடச் சின்னவள். கை முன்னால் ஓடும், யோசனை பின்னால் நடந்து வரும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முன்சீட்டில் ஒருவர் பாட்டெடுப்பார், பின்சீட்டில் ஒருவர் வாந்தி எடுப்பார். இரண்டையும் கேட்டுக்கொண்டே பூண்டு உரிப்பேன். இப்போது வீட்டோடு உட்கார்ந்துவிட்ட பிறகு அந்தச் சத்தம்தான் காதுக்குள் நிற்கிறது. பாட்டைக் கேட்க ஆசைப்படுவது பெரிய காரியமில்லை. எனக்கு அந்த வாந்திச் சத்தத்தையே கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

அந்த வருஷம் பஸ்ஸில் வந்தவர்களில் மூத்தவர் சடையக் கவுண்டர். அவர் பேத்தி காலேஜில் படிக்கிறாள். நாங்கள் போகும் வழியில் பழைய துறைமுகம் ஒன்று இருக்கிறதென்றும், அந்தக் காலத்தில் மலை மிளகெல்லாம் அங்கேதான் கப்பலேறியது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கிழவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம மொளகு கப்பலேறுன எடத்தை ஒருக்காப் பாத்துப்போடோணும்" என்று டிரைவரின் காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவரே, அங்க ஒண்ணும் இருக்காதுங்க."

"ஒண்ணும் இல்லாததைத்தான் பாக்கோணுங்கறேன். இருக்கறதைத்தான் தெனமும் பாக்கறனே."

டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

போய்ப் பார்த்தால் கிழவர் சொன்னபடியே ஒன்றும் இல்லை. ஒரு தென்னந்தோப்பு, அதற்குள் கம்பி வேலி, தொல்லியல் துறையின் ஒரு போர்டு, ஒரு தகரக் கொட்டகை. வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர்கள், பக்கத்தில் இடிந்து குவிந்த கல். அந்தப் பக்கம் ஓர் ஆறு, கடலுக்குப் போகிற அவசரம் எதுவும் இல்லாமல் படுத்திருந்தது. அவ்வளவுதான்.

காவல்காரர் ஒருவர் வந்து கதவைத் திறந்தார். காக்கிச் சட்டை, நடு வயது, நல்ல முகம். அவருக்கும் இங்கே பெயர் கிடையாது.

சடையக் கவுண்டர் சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க, ஊடு கட்ட ஆரம்பிச்சு பாதியில உட்டுட்டாங்களா?"

"இல்லைங்க ஐயா. இது கட்டி முடிச்சு, வாழ்ந்து முடிச்சு, மண்ணுக்குள்ள போயி, திரும்பத் தோண்டி எடுத்தது."

"கப்பலு எங்க நிக்கும்?"

ஆற்றில் ஓர் எருமை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. காவல்காரர் அதைக் காட்டினார். "அந்த எருமை நிக்குது பாருங்க, சுமாரா அங்க."

நாங்கள் எல்லோரும் எருமையைப் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. கிழவர் மடியிலிருந்து கொஞ்சம் மிளகை எடுத்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். மீதியைத் தண்ணீரில் போட்டார். எனக்கு என்னமோபோல் ஆகிவிட்டது. எங்கள் மலையிலிருந்து மூட்டை தூக்கிக்கொண்டு எவனோ ஒருவன் இங்கே வரைக்கும் நடந்து வந்திருப்பான் அல்லவா? அவன் மத்தியானச் சோற்றுக்கு என்ன செய்தான் என்றுதான் என் புத்தி போனது. சமையல்காரி புத்தி.

அந்த நேரம் பார்த்து மருதாயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "அக்கா, ஸ்டவ்வு மூச்சு உடமாட்டேங்குது! குத்திக் குத்திப் பாத்துட்டேன்!"

"அடுப்பு கூட்டிக்க புள்ள, போ" என்று சொல்லிவிட்டு நான் எருமையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுப்பு கூட்டுவது என்றால் எங்களுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. மலையில் குனிந்தால் கல். மூன்று மூலைக்குக் கல்லை வைத்து, நடுவில் நெருப்பு, மேலே அண்டா. ஆனால் அது கடற்கரை மண். எங்கே குனிந்தாலும் மணல்தான். மருதாயி தோப்பு முழுக்கத் தேடியிருக்கிறாள், ஒரு கூழாங்கல்கூட இல்லை. அப்போதுதான் வேலியில் ஆடு நுழைகிற ஒரு சந்தைப் பார்த்திருக்கிறாள்.

அங்கே அவள் செய்தது எனக்குத் தெரியாது. ஏனென்றால் அதற்குள் சடையக் கவுண்டர் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். மலைக்காற்றிலேயே இருந்த உடம்பு, அந்தக் கடலோரப் புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. கண் செருகிவிட்டது. பெண்கள் கூவ ஆரம்பித்தார்கள். காவல்காரர் முதுகைக் காட்டிக் குனிந்தார். கிழவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடி, தன் மொபெட்டில் உட்காரவைத்து, பின்னால் எங்கள் ஆள் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வாசலில் யாரும் இல்லை.

அவர்கள் திரும்பி வருவதற்குள் சோறு வெந்துவிட்டது. வெயில் மயக்கம்தான், நிழலில் படுக்கவையுங்கள் என்று நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார். வடிகஞ்சியில் உப்புப் போட்டு ஒரு சொம்பு கொடுத்தேன். கிழவர் குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "கஞ்சியில உப்பு கொறச்சல்" என்றார். பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்தது.

காவல்காரரையும் விடவில்லை, தட்டைக் கையில் கொடுத்து உட்காரவைத்தேன். தெரியாத ஊரில் நம் ஆளை முதுகில் தூக்கியவரைச் சும்மா அனுப்பலாமா? மனுஷன் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஃபோன் வந்தது. பேசிவிட்டு, "எங்க மேடம் வர்றாங்க. உள்ள ஒரு சுத்துப் பாத்துட்டு வர்றேன்" என்று போனார்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம். வெளியிடத்தில் பொங்கித் தின்றால், புறப்படும் முன் அடுப்பைக் கலைத்துக் கல்லை ஆளுக்கொரு திசையில் வீச வேண்டும். நின்ற அடுப்பை விட்டுப் போனால் பசி நம் பின்னாலேயே பஸ் ஏறிவிடும் என்பார்கள். மருதாயி அதைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தாள். ஒன்று தென்னைமரத்தடிக்கு, ஒன்று வேலியோரத்துக்கு, ஒன்று புதருக்குள். தூக்கி வீசும்போதுதான் நான் கவனித்தேன். அது கல் இல்லை, செங்கல். நம் செங்கல் மாதிரியும் இல்லை. நீளமாக, தட்டையாக, பலகைபோல இருந்தது.

"ஏன் புள்ள, இதை எங்க புடிச்ச?"

"உள்ள குமிச்சுக் கெடந்துச்சுக்கா. ஊடு கட்டி மீந்ததுன்னு நெனச்சேன். அண்டாவுக்குன்னே அறுத்த மாதிரி எப்பிடி உக்காந்துச்சு பாத்தீங்களா?"

 அதற்குள் காவல்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "உள்ள இருந்த கல்லு எங்கம்மா?"

"அடுப்புக் கல்லுங்களா? கலைச்சாச்சுங்க" என்றாள் மருதாயி, பெருமையாக.

மனுஷன் அப்படியே மணலில் உட்கார்ந்தார். "போச்சும்மா. நான் டெம்பரவரி. எனக்கு முன்னாடி இருந்தவரு காவல்ல எவனோ ஒடஞ்ச பானைச் சில்லு ஒண்ணைப் பாக்கெட்டுல போட்டுக்கினு போயிட்டான். எடுத்தவனை யாரு தேடுனா? காவல் இருந்தவரைத்தான் வூட்டுக்கு அனுப்புனாங்க. அந்த எடத்துலதான் நான் நிக்கறேன். எம்பொண்ணை இப்பதான் காலேஜில சேத்திருக்கேன்."

உடனே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ஆற்றில் போட்டுவிடலாம் என்றது ஒரு குரல். டிரைவர், "எல்லாரும் ஏறுங்க, வண்டியை எடுத்துட்டா யாருன்னு தெரியவா போகுது?" என்றார். மருதாயி ஓடிப்போய் ஒரு செங்கல்லைப் பொறுக்கி வந்திருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, தேங்காய் நாரும் மணலும் போட்டுக் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

இப்போது வெங்காயத்தைக் கீழே வையுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

சோறு அடிப்பிடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பதறுகிறவள் கரண்டியை விட்டுக் கிண்டுவாள். கிண்டினால் கருகல் வாசம் அண்டா முழுக்க ஏறும், அதற்குப் பிறகு ஒரு பருக்கைகூட உருப்படாது. தெரிந்தவள் கையைக் கட்டிக்கொள்வாள். அப்படியே இறக்கி, மேல் சோற்றை மட்டும் அள்ளுவாள். எனக்குச் செங்கல்லைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அடிப்பிடித்ததைக் கிண்டக் கூடாது என்பது மட்டும் தெரியும். மருதாயியின் கையைப் பிடித்து நாரைப் பிடுங்கினேன்.

"தேய்க்காத புள்ள. கரி இருக்கட்டும்."

காவல்காரர் என்னைப் பார்த்தார். "அம்மா, கவுத்து வச்சிட்டா கரி அடியில போயிடும். மேடத்துக்குத் தெரியாது."

"இன்னைக்குத் தெரியாதுங்க சாமி. அடுத்த மாசம் மழை பேஞ்சு கல்லு பெரளும். அப்ப நாங்க மலை மேல இருப்போம், நீங்க இங்க ஒத்தையில நிப்பீங்க. கொல்லிமலைக்காரி வந்து சோறு பொங்கிட்டுப் போயிட்டாள்னு சொன்னா எவன் நம்புவான்? நாங்க இங்க நிக்கறப்பவே நடந்தது நடந்தபடி வெளிய வரோணும். நீங்க வாயத் தொறக்காதீங்க. எங்க வாயாலயே போகட்டும்."

"அவங்க கோவக்காரங்கம்மா."

"நான் மாமியாகிட்டப் பொழச்சவ."

வாய்தான் அப்படிப் பேசியது.  நான் சொல்கிற ஒரு வார்த்தை தப்பினால் காவல்காரர் மகளின் படிப்பு போகும். பஸ்ஸில் ஏறிப் போவது எவ்வளவு சுலபம் என்று காலும் சொல்லிக்கொண்டிருந்தது. டிரைவர் வேறு எஞ்சினை ஓடவிட்டிருந்தார். "அமத்துங்க அதை" என்று ஒரு சத்தம் போட்டேன். அமர்த்தினார்.

ஜீப் வந்தது. இறங்கினது அந்த மேடம், சின்னப் பெண். என் மகளைவிடச் சின்னவள். குடையை மடக்கிக்கொண்டே, "என்னம்மா, டூரா?" என்றார்.

"ஆமாங்க மேடம். சாப்பிட்டுட்டீங்களா?"

"ஆச்சு."

"அப்ப நல்லதுங்க. வெறும் வயித்துல கேக்கற சேதி இல்லீங்க இது. உங்க கல்லுல நாங்க சோறு பொங்கிட்டோமுங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் தென்னைமரத்தடியைக் காட்டினேன், வேலியோரத்தைக் காட்டினேன், புதரைக் காட்டினேன். புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. காவல்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"அதை ரெண்டாவதாச் சொல்றனுங்க மேடம். மொதல்ல எங்களைத் திட்டிப்போடுங்க, அப்பறம் இவரு சேதிக்கு வாரேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ரெண்டும் குழைஞ்சு போயிரும்."

"ஆயா, வெளையாடாதீங்க. இது ரெண்டாயிரம் வருஷத்துச் செங்கல். இதுல இருக்கற ஒவ்வொரு கறையும் எங்களுக்கு ஒரு தகவல். இப்ப உங்க சாம்பார்க் கறையும் அதுல சேந்திருக்கு."

"சாம்பாரு இல்லீங்க மேடம், சோறு மட்டுந்தானுங்க. சாம்பாரு காலையிலயே வச்சாச்சு."

பின்னால் பஸ் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சிரிக்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்துத் திட்டினார். நன்றாகவே திட்டினார். நான் இடையில் பேசவில்லை. அது எங்களுக்குச் சேர வேண்டியது, முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் மூச்சு வாங்கியபோது சடையக் கவுண்டர் எழுந்து, தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அம்மணி, ரெண்டாவது சேதி நானுங்க. இந்த ஆளு வாசலை உட்டுப் போனது என்னைய முதுகுல தூக்கறதுக்கு. கல்லு பெருசா கெழவன் பெருசான்னு அவரு யோசிக்கலீங்க. யோசிச்சிருந்தா உங்க கல்லு பத்தரமா இருந்திருக்கும்."

அந்தப் பெண் கிழவரைப் பார்த்தார், காவல்காரரின் சட்டை முதுகில் காய்ந்துபோயிருந்த வேர்வை உப்பைப் பார்த்தார்.  பிறகு மருதாயியிடம், "எந்த எடத்துல இருந்து எடுத்தீங்கன்னு காட்ட முடியுமா?" என்றார்.

"முடியுமுங்க மேடம். மொதக் கல்லை எடுக்கையில தேளு ஓடுச்சு, அந்த எடம் மறக்குமுங்களா?"

"தேள் ஓடியும் கைய வச்சீங்களா?"

"எங்க மலையில எல்லாக் கல்லுக்கடியிலயும் ஒண்ணு குடியிருக்குமுங்க. அதுக்காகப் பட்டினி கெடக்க முடியுங்களா?"

இடிந்து குவிந்த இடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறாள், சுவரில் கை வைக்கவில்லை. அது தெரிந்ததும் மேடத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் அது சின்னத் தப்பு இல்லை என்று சொன்னார். வேலிச் சந்துக்கு முன்னால் நின்று, "இது எப்ப போச்சு?" என்று கேட்டார்.

காவல்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "தீபாவளிக்கு முன்னாடியே மேடம். சொல்லிக்கினேதான் இருக்கேன்."

"என்கிட்டயும் சொன்னீங்க" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

செங்கல்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, துணியில் சுற்றித் தகரக் கொட்டகையில் வைக்கச் சொன்னார். மருதாயி பாதி தேய்த்ததைப் பார்த்து உச்சுக் கொட்டினார். மீதியைத் தேய்க்காமல் விட்டதே பெரிது என்றார். புறப்படும்போது என்னிடம், "நான் மேல சொல்லித்தான் ஆகணும். நடந்ததை நடந்தபடி சொல்வேன். வேலியையும் சேத்துச் சொல்வேன். முடிவு என் கையில இல்ல ஆயா" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்க முடியும்?

பஸ் நகரும்போது காவல்காரர் ஓடி வந்து ஜன்னலில் நீட்டினார், நான் மறந்துவிட்ட கரண்டி. "எங்க மேல கோவமுங்களா?" என்று கேட்டேன். "கோவம் வரலைம்மா, பயந்தான் வருது" என்றார். கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, "சோறு நல்லா இருந்துச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் கடலைப் பார்த்தோம். அத்தனை தூரம் வந்து மருதாயி காலை நனைக்கவே இல்லை. ஊர் திரும்பிய பிறகும் யாராவது துறைமுகம் எப்படி என்று கேட்டால், எருமை நன்றாக இருந்தது என்று சொல்லி முடித்துவிடுவேன். அந்த மனுஷன் என்ன ஆனார் என்று தெரியாமல் எதைச் சொல்வது? பொங்கும்போதெல்லாம் அவர் மணலில் உட்கார்ந்ததுதான் கண்ணில் நின்றது.

ஆகவே கண்ணுகளா, தப்பு நடக்கும். அடுப்போடு இருக்கிறவள் என்றைக்காவது சுட்டுக்கொள்ளத்தான் செய்வாள். ஆனால் நாம் போகிறவர்கள். நாம் இறங்குகிற ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் அங்கேயே நிற்கிறவர் இருப்பார். சொல்ல வேண்டியதை பஸ் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள். நம் பழியை அவர் காவலில் விட்டுவிட்டு வராதீர்கள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் டிரைவர் வீடு தேடி வந்தார், ஃபோனைக் காதில் வைத்தபடியே. "பொன்னக்கா, உங்களுக்குத்தான்." காவல்காரரின் குரல். கண்டித்து ஒரு கடிதம் கொடுத்தார்களாம், வேலையை எடுக்கவில்லையாம். வேலியைப் புதிதாகப் போட்டாயிற்று. எங்கள் செங்கல்கள் கொட்டகையில் தனிப் பலகையில் இருக்கின்றன, கரி புதியது என்று ஒரு அட்டையோடு. வருகிறவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் கேட்கிறார்களாம். பேசி முடித்ததும் எனக்கு முதலில் பசித்தது.

அன்றைக்குத்தான் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஏனுங்க பொன்னக்கா, இப்பவாச்சும் சொல்லுங்க. அந்தத் துறைமுகத்துல கப்பலு கிப்பலு பாத்தீங்களா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"கப்பல் என்னடி கப்பல்" என்றேன். "உங்க ஊட்டு அடுப்பை நாளைக்கு எவனாச்சும் தூக்கிட்டுப் போனா ஏன்னு கேக்க ஒரு நாய் இருக்குதா? என்ற அடுப்புக்குப் புது வேலி போட்டு, காக்கிச் சட்டை மாட்டி ஒரு ஆளைக் காவலுக்கு நிக்க வச்சிருக்குது கவர்மெண்டு. அவரு இன்னைக்கும் அங்கதான் நிக்கறாரு."